பழைய வண்டிக்கு எந்த ஸ்பார்க் பிளக்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்புரேட்டரும் பாயின்ட் செட்டும் (பொறிக்காக மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கும் தொடுமுனைகள்) உள்ள பழைய கார், பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பிளக் மாற்றும்போது முதலில் கேட்பது, “எந்தக் கம்பெனி நல்லது?” என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் அளவு, அடுத்து வெப்ப எண், அப்புறம் ரெசிஸ்டரும், பொறி குதிக்கும் இடைவெளியும். இவை பொருந்தினால் பெயர் தெரிந்த எந்தக் கம்பெனி பிளக்கும் ஓடும். பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தொல்லைதான்.

கையேடு இல்லை. இப்போது ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி) இருக்கும் பிளக்கையே பார்த்து வாங்கலாமா?

ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், நம்பக் கூடாது. பல கை மாறி வந்த வண்டியில் யாரோ ஒருவர் அன்றைக்குக் கிடைத்ததை மாட்டியிருப்பார். நான்கு சிலிண்டரில் மூன்று ஒரு எண், நான்காவது வேறொரு எண் என்று இருப்பதெல்லாம் சர்வசாதாரணம்.

வண்டியின் பெயர், ஆண்டு, எஞ்சின் எண் மூன்றையும் வைத்துக்கொண்டு பிளக் கம்பெனியின் பட்டியலில் தேடுங்கள். இதில் எஞ்சின் எண்தான் முக்கியம். பாடி ஒரு வருடத்தது, எஞ்சின் வேறு வருடத்தது என்று மாற்றியிருந்தால், பிளக் எஞ்சினுக்குத்தான் பொருந்த வேண்டும். ஹெட்டை மட்டும் மாற்றியிருந்தால் பட்டியலும் கைகொடுக்காது, அளந்துதான் ஆக வேண்டும்.

என்னென்ன அளவுகளைப் பார்க்க வேண்டும்?

மரையின் விட்டம், மரையின் நீளம், உட்காரும் விதம், ஸ்பேனர் அளவு, மேலே உள்ள முனை.

விட்டத்தில் அதிகம் காணப்படுவது 14 மி.மீ. சின்ன பைக்குகளில் 10, 12 மி.மீ. வரும். சில பழைய எஞ்சின்களில் 18 மி.மீ. இருக்கும். மிகப் பழையவற்றில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது: ஃபோர்டு மாடல் டி-யில் அரை அங்குலக் குழாய் மரை, அதற்கு அடுத்து வந்த மாடல் ஏ-யில் 7/8 அங்குல மரை.

உட்காரும் விதம் இரண்டு. ஒன்று வாஷர் வைத்துத் தட்டையாக உட்காருவது, மற்றது வாஷர் இல்லாமல் கூம்பாக உட்காருவது. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் கம்ப்ரஷன் கசியும், பிளக்கின் சூடும் ஹெட்டுக்கு ஒழுங்காக இறங்காது.

மேல் முனையைப் பலரும் கவனிப்பதில்லை. பழைய பைக் கேப்புகள் (பிளக்கின் மேல் மாட்டும் மூடிகள்) பலவற்றுக்கு 4 மி.மீ. மரை வெளியே தெரிய வேண்டும். கார் ஒயர்களுக்குப் பெரும்பாலும் அதன்மேல் நட்டு வேண்டும். சில பிளக்குகளில் நட்டைக் கழற்றலாம், சிலவற்றில் அது ஒட்டியே வரும். வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

மரையின் நீளம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் என்ன?

பழைய வண்டிகளில் அதிகமாக நடக்கும் தவறு இதுதான், அதிகமாகச் செலவு வைப்பதும் இதுதான். 14 மி.மீ. பிளக்கில் 9.5, 12.7, 19 மி.மீ. என்று பல நீளங்கள் உண்டு. விட்டமும் மரையும் ஒன்றே என்பதால் தப்பான நீளமும் ஓட்டைக்குள் அழகாக ஏறிவிடும். கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

12.7 வேண்டிய இடத்தில் 19 போட்டால் ஆறு மி.மீ.க்கு மேல் அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டனோ வால்வோ வந்து இடித்தால் கதை அங்கேயே முடிந்தது. இடிக்காவிட்டாலும் நீட்டிய மரை சூடேறிச் சிவந்து, பொறி வரும் முன்பே பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பற்றவைக்கும். அந்த மரைமேல் கரி படிந்து இறுகிய பிறகு பிளக்கைக் கழற்றினால் ஹெட்டின் மரையும் சேர்ந்து உரிந்து வரும்.

நேர்மாறாக, 19 வேண்டிய இடத்தில் 12.7 போட்டால் பொறி குழிக்குள் விழும். ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுவை இருக்காது. ஹெட்டின் அடிப்பக்க மரையில் கரி அடைந்துவிடும். பிறகு சரியான பிளக்கைக் கொண்டுவந்தால் பாதியில் நின்று சண்டை பிடிக்கும்.

அளப்பது சுலபம். மெல்லிய கம்பியின் நுனியை ‘ட’ போல மடக்கி பிளக் ஓட்டைக்குள் விட்டு, உள்பக்க விளிம்பில் மாட்டி மேலே இழுத்துப் பிடியுங்கள். பிளக் உட்காரும் முகத்துக்கு நேராகக் கம்பியில் ஒரு கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்தால் சரி. மரை போய் இன்சர்ட் (புது மரை உள்ள உலோக வளையம்) போட்ட ஹெட்டாக இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். இன்சர்ட்டின் நீளம் பழைய மரையின் நீளமாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஹாட் பிளக், கோல்டு பிளக் என்கிறார்களே, ஹாட் பிளக்கில் பொறி பெரிதாக வருமா?

பொறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பொறி வரும் அடிப்பக்க முனை தன் சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குத் தள்ளிவிடுகிறது என்பதுதான் கணக்கு. உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு இறங்க நேரமாகும், முனை சூடாகவே இருக்கும். அது ஹாட். மூக்கு குட்டையாக இருந்தால் கோல்டு.

முனை சுமார் 450 முதல் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். 800, 850 டிகிரிக்கு மேல் போனால் முனையே தணலாகிக் கலவையைப் பற்றவைக்கும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் முனையை வைத்திருப்பதுதான் வெப்ப எண்ணின் வேலை. ஒரு எண் மாற்றினால் முனையின் சூடு ஏறத்தாழ 70 முதல் 100 டிகிரி வரை மாறும் என்பதால், ஒரே தாவலில் இரண்டு மூன்று எண் போகாதீர்கள்.

பழைய பிளக்கில் 9 என்று இருக்கிறது, கடைக்காரர் 6 என்று இருப்பதைக் கொடுக்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை, சரியாகத்தான் கொடுத்திருப்பார். ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் முறை வேறு, போகும் திசைகூட வேறு. சாம்பியன் என்9ஒய்சி (N9YC), என்ஜிகே பிபி6இஎஸ் (BP6ES), பாஷ் டபிள்யூ7டிசி (W7DC), டென்சோ டபிள்யூ20இபி-யு (W20EP-U), இவை நான்கும் ஏறக்குறைய ஒரே பிளக். எண் மட்டும் 9, 6, 7, 20.

என்ஜிகே-யிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் கோல்டு. சாம்பியனிலும் பாஷிலும் எண் கூடினால் ஹாட். என்ஜிகே-யில் 6-லிருந்து 7-க்குப் போனவர், அதே நினைப்பில் பாஷிலும் 7-லிருந்து 8-க்குப் போனால் நேர் எதிர்த்திசையில் போகிறார்.

பிபி6இஎஸ்-ஸைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பிளக்கின் மொத்த ஜாதகமும் அதில் இருக்கும். முதல் ‘பி’ (B) 14 மி.மீ. மரை, 20.8 மி.மீ. ஸ்பேனர். அடுத்த ‘பி’ (P), பீங்கான் மூக்கு வெளியே நீட்டியிருக்கிறது. 6 வெப்ப எண். ‘இ’ என்றால் மரை 19 மி.மீ. கடைசி ‘எஸ்’, செம்புக் கரு உள்ள சாதாரண மையமுனை (நடுவில் உள்ள முனை). இதே எண்ணில் ‘இ’க்குப் பதில் ‘எச்’ வந்தால் மரை 12.7 மி.மீ. முன்பு சொன்ன நீளத் தகராறு முழுக்க இந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது. எண்ணுக்கு முன்னால் ‘ஆர்’ வந்தால் ரெசிஸ்டர் உள்ளது.

கம்பெனிவிட்டுக் கம்பெனி ஒப்பிடும் பட்டியல்கள் தோராயமானவைதான். பட்டியல் காட்டிய பிளக்கை வாங்கினாலும், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரை நீளத்தையும் மூக்கையும் ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள்.

கையேட்டில் 145, 175 என்று மூன்று இலக்க எண் இருக்கிறதே?

பாஷின் பழைய முறை அது. அதில் எண் கூடினால் கோல்டு, இப்போதைய முறைக்குத் தலைகீழ். டபிள்யூ145டி1 (W145T1) என்றிருந்தது பிற்பாடு டபிள்யூ8ஏ (W8A) ஆனது, டபிள்யூ175டி1 (W175T1) என்பது டபிள்யூ7ஏ (W7A).

மூக்கு நீட்டிய பிளக்கை எல்லா எஞ்சினிலும் போடலாமா?

போடக் கூடாது. நீட்டிய மூக்கு மெதுவாக ஓட்டும்போது சீக்கிரம் சூடாகும், வேகமாக ஓட்டும்போது உள்ளே வரும் புதுக் கலவை பட்டுக் குளிரும். அதனால் பல எஞ்சின்களுக்கு நல்லதுதான். ஆனால் மூக்கு நீட்டாத பிளக்குக்காகவே வடிவமைத்த பழைய சைடு வால்வ் (வால்வு சிலிண்டரின் பக்கத்தில் உள்ள) எஞ்சின்களிலும் சில டூ-ஸ்ட்ரோக்குகளிலும் உள்ளே இடம் இருக்காது. கையேடு நீட்டாததைச் சொன்னால் அதையே போடுங்கள்.

பிளக் கறுத்துக் கறுத்து வருகிறது. ஒரு எண் ஹாட்டாகப் போட்டால் சரியாகிவிடுமா?

பிளக் கறுக்காது, கறுக்க வைத்த காரணம் அப்படியே இருக்கும். முதலில் அது எந்தக் கறுப்பு என்று பாருங்கள்.

விரலால் தேய்த்தால் மையாக ஒட்டும் உலர்ந்த கரி என்றால், பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சோக் முழுசாகத் திரும்பவில்லை, கார்புரேட்டரில் ஃப்ளோட் மட்டம் ஏறியிருக்கிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, இப்படி ஏதாவது ஒன்று. பாயின்ட் தேய்ந்து பொறி பலவீனமாக வந்தாலும் இதே கரிதான். வண்டி தினமும் ஒரு கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டியாக இருந்தால் எஞ்சின் மேல் குறையே இல்லாமலும் இருக்கலாம். ஒரு நாள் அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

பளபளவென்று ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் கைடு தேய்ந்திருக்கும். இங்கே மட்டும் ஒரு விட்டுக்கொடுத்தல் உண்டு. எஞ்சின் வேலை செய்யப் பணம் சேரும் வரைக்கும் ஒரு எண் ஹாட்டாகப் போட்டு, நிதானமாக ஓட்டி, நாளைக் கடத்தலாம். மருந்து என்று நினைக்க வேண்டாம்.

ஈரம் பெட்ரோல் வாசனை அடித்தால் அந்தச் சிலிண்டரில் பொறியே விழவில்லை. பிளக்கை ஒயரில் மாட்டி, ஹெட்டில் தொடவைத்து, எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் பீய்ச்சும், அதனால் பொறியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். கையை ஒயரிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

நான்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் கார்புரேட்டர் பக்கம் போங்கள். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டர், அந்த ஒயர், அந்த கேப். கழற்றும்போதே சிலிண்டர் வரிசைப்படி வைத்தால்தான் இது தெரியும்.

வெள்ளை வெளேரென்று இருந்தால்?

உடனே கவனிக்க வேண்டியது கறுப்பைவிட இதுதான். கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) போகிறது, அல்லது டைமிங் (பொறி விழும் நேரம்) அதிகமாக முன்னே இருக்கிறது, அல்லது பிளக் தேவைக்கு மேல் ஹாட். இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் காற்று இழுப்பதும் பழைய வண்டிகளில் வழக்கம். பீங்கானில் சின்னக் கொப்புளமோ, உருகிய உலோகப் பொட்டோ தெரிந்தால் காரணம் தெரியும் வரை வண்டியை ஓட்டாதீர்கள். அந்தப் பொட்டு பிஸ்டனிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

பழைய புத்தகத்தில் உள்ள பிளக் படங்களைப் போல என் பிளக் இல்லையே?

அந்தப் படங்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. இளம் பழுப்பு நிறத்துக்கு அந்த ஈயப் படிவும் ஒரு காரணம். அல்ஜீரியா 2021 ஜூலையில் விற்பனையை நிறுத்தியதோடு சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் உலகத்திலேயே முடிந்துவிட்டது. இப்போதைய பெட்ரோலில் நல்ல நிலையிலுள்ள எஞ்சினின் பிளக்கும் வெளிர் நிறமாகத்தான் இருக்கும். புத்தகத்தின் நிறம் வர வேண்டும் என்று பெட்ரோலைக் கூட்டிக் கலவையை ரிச்சாக்கிக்கொண்டே போகாதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை இன்னும் கொஞ்சம் லீனாகும். அதற்குக் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டைத்தான் பார்க்க வேண்டும், பிளக் எண்ணை அல்ல.

இரிடியம் போட்டால் வண்டி பறக்குமா?

பறக்காது. இரிடியம் சுமார் 2,446 டிகிரியில் உருகும், நிக்கல் 1,455-இல். அதனால்தான் இரிடியம் முனையை அரை மி.மீ. தடிமனுக்கு மெலிதாகச் செய்ய முடிகிறது, அது நீண்ட நாள் தேயாமலும் இருக்கிறது. மெலிந்த முனையில் குறைந்த வோல்ட்டேஜிலேயே பொறி குதிக்கும். லாபம் அவ்வளவுதான், கூடுதல் குதிரைசக்தி எதுவும் இல்லை.

பழைய வண்டிக்கு நான் முதலில் சொல்வது சாதாரண நிக்கல் பிளக்கைத்தான். ‘காப்பர் பிளக்’ என்று விற்பதும் இதுதான். செம்பு உள்ளே கருவில் இருக்கிறது, முனை நிக்கல் கலவை. வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கும் பிளக்கை என்ன செய்வது? மேலும், பழைய எஞ்சினில் பிளக்குக்கு முடிவு தேய்மானத்தால் வருவதைவிட ஆயிலாலும் கரியாலும் வருவதே அதிகம். கரி பிடித்தால் இரிடியமும் நிக்கலும் ஒன்றுதான், விலை மட்டும் வேறு.

ஒரு இடத்தில் மட்டும் இரிடியத்துக்கு ஓட்டுப் போடுவேன்: மேக்னட்டோ (பேட்டரி இல்லாமல் பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) பலவீனமாகி, கிக் அடித்து அடித்துக் கால் ஓய்ந்துபோகும் சிறிய டூ-ஸ்ட்ரோக். குறைந்த வோல்ட்டேஜில் பொறி வருவது அங்கே உண்மையிலேயே உதவும்.

பக்கமுனை (மையமுனைக்கு எதிரே வளைந்து நிற்கும் முனை) மூன்று நான்கு உள்ள பிளக்கில் மூன்று நான்கு பொறி வராது. ஒரு சமயத்தில் ஒன்றில்தான் குதிக்கும். எஞ்சின் அதைக் கேட்காவிட்டால் வேண்டாம்.

ரெசிஸ்டர் உள்ளதா, இல்லாததா?

ரெசிஸ்டர் பிளக்கில் சுமார் 5 கிலோ ஓம் இருக்கும். ரேடியோ இரைச்சலையும், பக்கத்திலுள்ள எலக்ட்ரானிக் பாகங்களுக்குப் போகும் தொந்தரவையும் அடக்குவது அதன் வேலை. பாயின்ட் வண்டியில் ரெசிஸ்டர் பிளக் போட்டால் பொறி செத்துவிடும் என்பது மிகைப்படுத்திய பேச்சு. ஆனால் கேப்பில் ஒரு ரெசிஸ்டர், ரோட்டரில் ஒன்று, கார்பன் ஒயரில் கொஞ்சம், பிளக்கிலும் ஒன்று என்று அடுக்கினால் பலவீனமான மேக்னட்டோ திணறத்தான் செய்யும். ஏற்கெனவே கேப்பில் இருந்தால் பிளக்கில் வேண்டாம்.

பாயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தால் கதை வேறு. அங்கே ரெசிஸ்டர் பிளக்கோ ரெசிஸ்டன்ஸ் உள்ள ஒயரோ கட்டாயம். வெறும் செம்பு ஒயரும் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் சேர்ந்தால் வண்டி காரணம் புரியாமல் மிஸ் ஆகும், மாட்யூலும் கெட்டுப்போகலாம்.

இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும்?

கையேட்டில் உள்ளதுதான் முதல் பதில். அது இல்லாவிட்டால், பாயின்ட் இக்னிஷனுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. வைத்துத் தொடங்கலாம். அதிக சக்தியுள்ள எலக்ட்ரானிக் இக்னிஷனில் 0.9 முதல் 1.1 வரை போகும். அந்த இக்னிஷன் கிட் தயாரித்தவர் சொல்லும் அளவை வையுங்கள். கேஸ் கிட் போட்டு ஓட்டினால் பொறி குதிக்கக் கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும், அதனால் இடைவெளியைச் சற்றுக் குறைப்பது வழக்கம்.

“எல்லாம் கம்பெனியிலேயே செட் பண்ணி வரும்” என்பதை நம்பாதீர்கள். ஒரே எண் பிளக் பல வண்டிகளுக்குப் போகிறது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 0.8 அல்லது 0.9 இருக்கலாம். பாயின்ட் வண்டியில் அது சும்மா நிற்கும்போது நன்றாக ஓடும், மேட்டில் ஏறும்போது மிஸ் ஆகும். ஏனென்றால் சிலிண்டரில் அழுத்தம் கூடக் கூடப் பொறி குதிப்பது கடினம்.

ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். குறைக்க, பக்கமுனையைக் கெட்டியான பரப்பில் மெல்லத் தட்டுங்கள். கூட்ட, பக்கமுனையை மட்டும் பிடித்து வளையுங்கள். மையமுனையில் முட்டுக்கொடுத்து நெம்பினால் உள்ளே பீங்கான் விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது, சூடானதும் மிஸ் ஆகும். இரிடியத்தில் மையமுனையைத் தொடவே கூடாது.

காயில் (வோல்ட்டேஜை உயர்த்திப் பொறிக்குக் கொடுக்கும் பாகம்) ஒயரை மாற்றிக் கொடுத்தால் பிளக்குக்கு என்ன வந்தது?

வண்டி ஓடும், அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. மையமுனை சூடானது என்பதால் அது நெகட்டிவாக இருந்தால் பொறி சுலபமாகக் குதிக்கும். காயிலில் இரண்டு சின்ன ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்தால் கூடுதல் வோல்ட்டேஜ் தேவைப்படும். பாசிட்டிவ் எர்த்தாக (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்ததாக) இருந்து நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய பழைய கார்களில் இதை ஒருமுறை பாருங்கள். மாற்றிய பிறகு காயிலின் மைனஸ் முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும்.

வெள்ளைப் பீங்கானில், இரும்புக்கு மேலே பழுப்பு வளையம் இருக்கிறது. கேஸ் கசிகிறதா?

பெரும்பாலும் இல்லை. உயர் வோல்ட்டேஜ் இருக்கும் இடத்தில் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள் போய் ஒட்டுவதால் வரும் கறை அது. கறுப்பாக, மேலிருந்து கீழே கோடு கோடாக இருந்தால்தான் பொறி வெளியே ஓடுகிறது என்று பொருள். அப்போது பிளக்கை மட்டுமல்ல, கேப்பையும் மாற்றுங்கள்.

பழைய பிளக்கைச் சுத்தம் செய்து போடலாமா?

அவசரத்துக்குப் போடலாம். கம்பி பிரஷ் போட்டு உள்ளே தேய்த்தால் பீங்கானில் உலோகக் கோடு விழும், பொறி அந்த வழியாகக் கசியும். மணல் அடித்துச் சுத்தம் செய்தால் மூக்கின் இடுக்கில் மணல் தங்கி, ஓடும்போது சிலிண்டரில் கொட்டும். பெட்ரோலில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிக்கல் பிளக் விலைக்கு அதற்கு மேல் மெனக்கெடத் தேவையில்லை.

பல வருடம் பெட்டியிலேயே கிடந்த பழைய ஸ்டாக் பிளக் கிடைத்தால் தயங்காமல் போடலாம். துருவும் விரிசலும் இல்லை என்று மட்டும் பாருங்கள்.

எவ்வளவு முறுக்க வேண்டும்?

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட் என்றால் இதில் சமரசமே கூடாது. கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடுங்கள். புதுப் பிளக்கைக் கையாலேயே, அல்லது முனையில் சொருகிய ரப்பர் குழாயால், கடைசி மரை வரை ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ரப்பர் குழாய் வழுக்கிவிடும், ஸ்பேனர் வழுக்காது, ஹெட்டைத்தான் கெடுக்கும்.

வாஷர் உள்ள புதுப் பிளக் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று. கூம்பு பிளக் என்றால் பதினாறில் ஒரு சுற்று போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால், அலுமினிய ஹெட்டில் வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20, 10 மி.மீ.க்கு 10 முதல் 12. மரையில் கிரீஸோ ஆன்டி-சீஸோ (மரை இறுகாமலிருக்கத் தடவும் பசை) தடவினால் அதே டார்க்கில் அதிகமாக முறுகிவிடும். முலாம் பூசிய பிளக்குக்கு அது தேவையும் இல்லை.

தளர்வாக விடுவதும் ஆபத்துதான். பிளக்கின் சூடு வாஷர் வழியாகவும் மரை வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. சரியாக உட்காராத பிளக், எண் சரியாக இருந்தாலும் மிதமிஞ்சிச் சூடாகும்.

எப்போது மாற்றுவது, ஸ்பேராக எதை வைத்துக்கொள்வது?

பாயின்ட் இக்னிஷன் உள்ள காரில் நிக்கல் பிளக் 15,000 முதல் 20,000 கிலோமீட்டர் வரை ஓடும். டூ-ஸ்ட்ரோக்கில் அதில் பாதியைக்கூட எதிர்பார்க்க வேண்டாம். ஏறத்தாழ 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றி இடைவெளியைப் பாருங்கள்; முனை தேயத் தேய இடைவெளி தானாகக் கூடும். மையமுனையின் விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டால் மாற்றிவிடுங்கள்.

ஸ்பேருக்கு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றிய ஒரு பிளக்கை இடைவெளி சரிசெய்து, பழைய அட்டைப் பெட்டியிலேயே போட்டு, பிளக் ஸ்பேனரோடு வண்டியில் வையுங்கள்.